ஹம்பிக்கு ஸ்டடி டூர் போறீங்களா, கேளுங்க சொல்றேன்

ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல வேலை, வருஷா வருஷம் பசங்கள ஹம்பிக்கு, அதாவது கர்நாடகாவுல இருக்கற விஜயநகர ராஜாக்களோட பழைய தலைநகருக்கு, கூட்டிட்டு போறது என் தலையில தான் விழும். அதனால தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: மேடம், 40 பசங்கள கூட்டிட்டு போறோம், ஒரு நாள் போதுமா?

பத்தாது. ஒரே நாள்ல முடிச்சா ஓடிக்கிட்டே தான் இருப்பீங்க, பசங்களுக்கு வெயிலும் குரங்கும் மட்டும் தான் ஞாபகம் இருக்கும். ரெண்டு நாள் வைங்க. ரயில்ல ஹோசபேட்டை வரைக்கும் போய் அங்கிருந்து பஸ், 13 கிலோமீட்டர் தான். நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, ஏப்ரல் மே பக்கமே போகாதீங்க, பாறை அடுப்பு மாதிரி கொதிக்கும். முதல்ல கமலாபுரம் மியூசியம் போயிடுங்க, அங்க ஊர் மொத்தத்தோட மாடல் இருக்கு, அத பாத்துட்டு போனா தான் எது எங்க இருக்குன்னு புரியும். வெள்ளிக்கிழமை லீவு, நான் ஒரு தடவை 38 பேரோட பூட்டின கேட் முன்னாடி நின்னிருக்கேன்.

கேள்வி: அரண்மனைன்னு சொல்றாங்க, போட்டோல வெறும் மேடை தானே இருக்கு?

நல்லா கேட்டீங்க, இத தான் என் பசங்க எல்லாரும் முதல்ல கேப்பாங்க. கோயில்கள கருங்கல்லுல கட்டினாங்க, ராஜா இருந்த இடத்துக்கு அடித்தளம் மட்டும் தான் கல்லு, மேல மரமும் செங்கலும் சுண்ணாம்பும். 1565 ஜனவரில தக்காண சுல்தான்களோட நடந்த தலைக்கோட்டை சண்டையில, விஜயநகர ஆட்சிய கையில வச்சிருந்த ராமராயர் செத்ததும் அவர் தம்பி திருமலை கஜானாவோட ஆந்திரா பக்கம் இருக்கற பெனுகொண்டா கோட்டைக்கு கிளம்பிட்டார், அப்புறம் மாசக்கணக்குல கொள்ளை, தீ. மரம் எரிஞ்சு போச்சு, கல்லு நின்னுச்சு. மகாநவமி திப்பான்னு ஒரு பெரிய கல் மேடை இருக்கு, அது மேல ஏறி தரைய பாருங்க, வரிசையா குழி இருக்கும், மரத்தூண் நட்ட குழி. பசங்கள ஆளுக்கு ஒரு குழியில நிக்க சொல்லுவேன், மண்டபம் எவ்வளவு பெரிசுன்னு அப்ப தான் அவங்களுக்கே உறைக்கும். 1520 வாக்குல வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ் இந்த ஊர ரோம் அளவுக்கு பெரிசுன்னு எழுதி வச்சிருக்கார், அவர் பாத்தது அந்த மரமும் சேத்து தான்.

கேள்வி: 50 ரூபா நோட்டுல இருக்கற தேர் ஒரே கல்லுலயா செஞ்சது?

இல்லப்பா, பல கல்லு, இணைப்பு தெரியாத மாதிரி செஞ்சிருக்காங்க. அது தேரே இல்ல, கருடன் சந்நிதி. மேல செங்கல் கோபுரம் ஒண்ணு இருந்துச்சு, 1856ல எடுத்த போட்டோல இருக்கு, பின்னாடி எடுத்துட்டாங்க. முன்னாடி நிக்கற யானையும் முதல்ல குதிரை இருந்த இடத்துல பிற்பாடு கொண்டு வந்து வச்சது, குனிஞ்சு யானைக்கு பின்னாடி பாருங்க, குதிரையோட வாலு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும். எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு போயிடுவாங்க, இத யாரும் பாக்கறதில்ல.

கேள்வி: அக்கா, மியூசிக் தூண தட்டி பாக்க விடுவாங்களா?

விட மாட்டாங்க. தட்டி தட்டி தேஞ்சு போச்சு, செக்யூரிட்டி விசில் அடிப்பார்.

கேள்வி: டீச்சர், ப்ராஜெக்ட்டுக்கு புதுசா ஏதாவது டாபிக் சொல்லுங்க.

தண்ணி எடுத்துக்கோ. ராஜா பகுதிக்குள்ள தூண் மேல நீளமா கல்லு வாய்க்கால் போகும், அது எங்கிருந்து ஆரம்பிச்சு எந்த குளத்துல விழுதுன்னு நடந்தே பாத்து ஒரு ஸ்கெட்ச் போடு. கிட்டயே 1980கள்ல தோண்டி எடுத்த படிக்கட்டு குளம் இருக்கு, கல்லுல அடையாளம் பொறிச்சிருப்பாங்க, வேற இடத்துல செதுக்கிட்டு வந்து எந்த கல்லு எந்த படிக்குன்னு பாத்து அடுக்கினது. இறங்க விட மாட்டாங்க, மேல இருந்தே ஜூம் பண்ணு. இன்னொண்ணு, போற வழியில பாறைகள்ல வரிசையா சின்ன சின்ன சதுர துளை இருக்கும், பாறைய பிளக்க ஆப்பு அடிச்ச இடம். பாதி பிளந்து விட்டுட்டு போன பாறை கூட இருக்கு.

கேள்வி: சென்னையில இருந்து உடனே வர முடியாது, இங்க ஏதாவது இருக்கா?

இருக்கே! விஜயநகர ராஜா கிருஷ்ணதேவராயர் ஆந்திராவுல இருக்கற உதயகிரி கோட்டைய ஜெயிச்சு அங்கிருந்து ஒரு பாலகிருஷ்ணர் சிலைய கொண்டு வந்து, அதுக்காகவே ஹம்பியில 1513ல கிருஷ்ணர் கோயில் கட்டினார். இப்ப அந்த கோயில்ல கருவறை காலி. சிலை எழும்பூர் மியூசியத்துல இருக்கு, பஸ் ஏறினா போதும், இந்த ஞாயித்துக்கிழமையே பாத்துடலாம்.