முதல் உலகப்போர் பதக்கங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர். வெள்ளிப் பதக்கம் ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத வீரன். என்ன சாகசத்துக்குக் கொடுத்தார்கள்?

ப: சாகசத்துக்கு இல்லை. போருக்குப் போனவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் அது. சுமார் 65 லட்சம் அடித்தார்கள். ராஜா ஐந்தாம் ஜார்ஜ். அவரை விடுங்கள், லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். 'க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்றிருந்தால் மதராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. அந்தப் படையின் மையம் இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. எண்ணோடு எழுதிக் கேளுங்கள். பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடிதான் இருக்கும். பாலிஷ் மட்டும் போடாதீர்கள்.

கே: எங்களுடையதும் அதே பதக்கம், ஆனால் வெண்கலம். போலி என்கிறார் கடைக்காரர்.

ப: போலி இல்லை! லேபர் கார்ப்ஸ், போர்ட்டர் கார்ப்ஸ் போன்றவற்றில் மூட்டை சுமந்தவர்களுக்கும் மண் வெட்டியவர்களுக்கும் வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். சீனர், மால்டாக்காரர், இந்தியர் என்று மொத்தமே சுமார் 1,10,000. அதே போர், அதே காய்ச்சல்; உலோகத்தில் மட்டும் தாழ்த்திவிட்டார்கள். உங்கள் வீட்டில் இருப்பது வெள்ளியைவிட அரியது. அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

கே: என்ன விலை போகும்?

ப: விலை சொல்வதில்லை.

கே: கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

ப: கூடாது. பெயர் தேய்ந்துபோகும்.

கே: 'விக்டரி' என்று போட்டிருக்கிறது. விக்டோரியா கிராஸா?

ப: இதோடு மூன்றாவது முறை. இல்லை. விக்டோரியா கிராஸ் என்பது வீரத்துக்கான உச்ச விருது. உங்களுடையது விக்டரி மெடல், வார் மெடலோடு ஜோடியாக வருவது.

கே: பர்மா ஸ்டார் பற்றி?

ப: அது இரண்டாம் உலகப்போர்ப் பதக்கம், என் துறை இல்லை. இந்தியர்களுக்குக் கொடுத்த ஸ்டார்களின் (நட்சத்திர வடிவப் பதக்கங்களின்) பின்புறம் பெயர் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவர்களை ஏன் கொண்டாடுகிறீர்கள்?

ப: சாம்ராஜ்யத்தை நான் கொண்டாடவில்லை. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று போனவரிடம் இன்று கொள்கை கேட்பது நியாயமா? மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். அவர்கள் பெயரைப் பதக்க விளிம்பிலாவது காப்பாற்றத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கே: அந்தப் பெயரையும் பொறித்தது அதே அரசுதானே?

ப: ஆமாம், அதே அரசுதான். ஆனால் பெயர் உங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது. அதை வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுக்காதீர்கள். 1980-இல் வெள்ளி விலை ஏறியபோது எத்தனையோ வார் மெடல்கள் உலைக்குப் போயின.

கே: லேசாக, பற்பசையால் தேய்த்தால்?

ப: வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், போதும்.