ஒன்றரை மடங்கு வேகம்

அன்புள்ள ஐயா,

லாரல்-ஹார்டி என்ற நகைச்சுவை இணை, பெட்டியில் அடைத்த பியானோவை நீண்ட படிக்கட்டில் மேலே ஏற்றப் படாதபாடு படும் 'தி மியூசிக் பாக்ஸ்' குறும்படத்தை என் பத்து வயது மகளுடன் பார்த்தேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கோ ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றியதால், பாதியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். பிறர் விழுவதைப் பார்த்துச் சிரிக்கக் குழந்தையைப் பழக்குவது சரியா? சாப்ளினிலிருந்து தொடங்கியிருக்க வேண்டுமோ?

க.

அன்புள்ள க.,

சென்ற வாரம்தான் அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். குழந்தையின் மனம் கெட்டுவிடும் என்ற கவலையை விடுங்கள். விழுந்தவர் எழுந்து, தொப்பியைத் தட்டி அணிந்துகொண்டு, மறுபடி படியில் கால் வைப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். உங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

இவர்களுக்கு முன் வந்த, மாக் சென்னட்டின் கீஸ்டோன் நிறுவன மௌன நகைச்சுவைப் படங்களில் ஒருவர் விழுந்ததைப் பார்த்து முடிப்பதற்குள் மூவர் விழுந்திருப்பார்கள். 1920களின் இறுதியில், தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் பட நிறுவனத்தில், லாரலும் ஹார்டியும் அந்த ஓட்டத்தை நிறுத்தி நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'பிக் பிசினஸ்' (1929) என்ற மௌனப் படத்தில் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போன இவர்கள் வீட்டுக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசனின் வீட்டை உடைக்கிறார்கள், அவர் இவர்களுடைய காரைப் பிய்த்தெறிகிறார். ஆனால் ஒருவர் முறை வரும்போது மற்றவர் தடுக்காமல் நின்று வேடிக்கை பார்க்கிறார். அந்தக் காத்திருப்பில்தான் சிரிப்பு ஊறுகிறது. ஹார்டி கேமராவை நேராகப் பார்த்து நம்மிடம் முறையிடும் பார்வையை நீங்கள் வெறும் கண்சிமிட்டலாக்கிவிட்டீர்கள்.

1932இல் வந்த 'தி மியூசிக் பாக்ஸ்' பேசும்படம் என்பதையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம். பெட்டி சறுக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் பியானோவின் தந்திகள் அதிர்ந்து முனகுவதை வேகமாக ஓட்டினால் என்ன காதில் விழும்? லாஸ் ஏஞ்சல்ஸில் இன்றும் இருக்கும் அந்தப் படிக்கட்டில் 133 படிகள். குழந்தை வண்டியுடன் ஒரு பெண், பிறகு போலீஸ்காரர், பிறகு பேராசிரியர் என்று ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாக அந்த ஏற்றத்தைக் கெடுப்பதை 'ஒரே சம்பவம்' என்கிறீர்கள்.

அரிசி மண்டியில் கணக்கெழுதிய என் தந்தை, மூட்டை ஏற்றி இறக்குவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் இப்படத்தைப் பார்த்தபோது, படியில் அவர்கள் சறுக்கியதற்கு அவர் சிரிக்கவில்லை. "கீழே நிக்கிறவன் மேலதான் பாரம் பூரா" என்று மட்டும் சொன்னார். ஒருவழியாக மேலே வந்து சேர்ந்த பிறகு தபால்காரர் வந்து, சுற்றிவர வண்டிப்பாதை இருக்கிறதே என்கிறார். உடனே இருவரும் பியானோவைப் படிகளில் கீழே இறக்கி, குதிரை வண்டியில் ஏற்றி, அந்தப் பாதை வழியே மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள். அப்போது அப்பா சிரிக்கத் தொடங்கினார். "இறக்குகூலி யார் தருவா?" என்று கேட்டுக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த இறக்கம் அவருக்குச் சிரிப்பானது, ஏற்றத்தின் ஒவ்வொரு படியையும் அவரும் ஏறியிருந்ததால்தான். நீங்கள் பாதிப் படிகளைத் தாண்டிக் குதித்துவிட்டு அலுப்பாக இருந்தது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

சாப்ளினைக் கேட்டிருந்தீர்கள். 'ஈஸி ஸ்ட்ரீட்' (1917) பாருங்கள். ரிமோட்டை மட்டும் மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.