எஸ்.எஸ். பைப் வெல்டிங்குக்குச் செராமிக் பெல்ட் வாங்கலாமா?

கேள்வி: எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. வெல்டிங்கைச் சமன் செய்ய 60 நம்பர் பிரவுன் எமரி பெல்ட் போடுகிறோம். சீக்கிரமே வழவழத்துப் போய்விடுகிறது. பைப்பும் நீலம் பாய்கிறது. கடைக்காரர் செராமிக் பெல்ட்டைக் கை காட்டுகிறார். விலை பல மடங்கு. வாங்கலாமா? - வாசகர், கோவை

பதில்: வெல்டிங் மேட்டை இறக்கும் முதல் வேலைக்கு மட்டும் வாங்கலாம், அதுவும் உங்கள் மோட்டார் தாங்குமானால்.

முதலில், கழற்றிப் போட்ட பழைய பெல்ட் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துகள்களுக்கு நடுவே உலோகத்தூள் அப்பியிருந்தால் அது அடைப்பு. அலுமினியத்தில்தான் இது அதிகம். பெல்ட் சுத்தம் செய்யும் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் காட்டினால் போய்விடும். துகள்களின் தலை தட்டையாகி மினுமினுத்தால் அது மழுங்கல். ரப்பர் கட்டி உதவாது. உங்களுடையது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். மழுங்கிய பெல்ட் வெட்டாமல் தேய்க்கும். எஸ்.எஸ். சூட்டை எளிதில் கடத்தாது; தேய்த்த சூடு அங்கேயே தங்குவதால்தான் நீலம்.

பிரவுன் என்பது அலுமினியம் ஆக்சைடு. எம்.எஸ். என்னும் சாதாரண இரும்புக்கும் மரத்துக்கும் நல்ல சரக்கு. சிர்கோனியா, செராமிக் துகள்களோ அழுத்தம் பட்டால் நுனி உடைந்து புது முனை காட்டும். செராமிக் இன்னும் பொடிப்பொடியாக உடைவதால் கூர்மை நீடிக்கும். அழுத்தம் பட்டால்தான் இதெல்லாம். பூப்போல வைத்துத் தேய்த்தால் செராமிக்கும் மழுங்கிவிடும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அழுத்தினால் திணறுகிற அரை எச்.பி. மோட்டாருக்குச் செராமிக் வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். ஒன்றரை, இரண்டு எச்.பி. இருந்தால் வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் என்றால் சிர்கோனியா போதும். எதை வாங்கினாலும் டாப் கோட் உள்ளதாகக் கேளுங்கள்; அந்த மேற்பூச்சு வெட்டுமிடத்துச் சூட்டைத் தணிக்கும்.

அடுத்தது வேகம். பெல்ட்டை ஓட்டும் 200 மி.மீ. டிரைவ் வீல் 2880 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் பெல்ட் நொடிக்கு 30 மீட்டர் ஓடும். மெல்லிய எஸ்.எஸ். பைப்புக்கு அது அதிகம். 150 மி.மீ. வீல் மாட்டினால் 22, 23 மீட்டருக்கு இறங்கும். பெல்ட்டை மாற்றும் முன் இதைச் செய்து பார்க்கலாம், செலவு குறைவு.

ஃபினிஷிங்குக்குச் செராமிக் வேண்டாம். பிரவுனோ சிலிக்கான் கார்பைடோ போதும். 60-லிருந்து நேரே 240-க்குத் தாவாதீர்கள். பி-60, அதாவது 60 நம்பர் துகளின் பருமன் சுமார் 269 மைக்ரான், பி-120 சுமார் 125, பி-240 சுமார் 58. ஏறக்குறையப் பாதி பாதியாக இறங்குகிறது, பாருங்கள். நடுவில் 120-ஐ விட்டால் 60 போட்ட பள்ளத்தை 240 எட்டவே எட்டாது. பாலிஷ் போட்ட பிறகு அந்தக் கோடுகள் பல்லிளிக்கும். ஒவ்வொரு நம்பருக்கும் பைப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். முந்தைய கோடு குறுக்கே தெரியும். அது மறையும்வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது.

உருண்டைப் பைப்பைக் கெட்டியான வீலின் மேல் வைத்தால் தட்டை விழும். மேட்டை மட்டும் வீலில் இறக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு வீலுக்கும் நடுவே தொய்வாக ஓடும் பகுதியில் முடியுங்கள். பெல்ட் பைப்பின் வளைவோடு படியும்.

விலையைப் பெல்ட் கணக்கில் பார்க்காதீர்கள். ஒரு பெல்ட்டில் எத்தனை ஜாயிண்ட் முடிகிறது என்று சுவரில் கோடு போட்டு எண்ணுங்கள். பிரவுனில் ஒரு ஜாயிண்டுக்கு ஆகும் செலவும் செராமிக்கில் ஆகும் செலவும் அப்போது தெரியும். பெல்ட் மாற்றும் நேரத்துக் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.ஸில் ஓட்டிய பெல்ட்டை எஸ்.எஸ்.ஸில் தொடக் கூடாது. ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள் துருப்பிடித்து, கைப்பிடி மாட்டிய பிறகு பழுப்புப் புள்ளியாகக் கிளம்பும். வீட்டுக்காரர் 'இது 304 தானா?' என்று கேட்பார். பெல்ட்டை ஆணியில் மாட்டாதீர்கள், மடிப்பு விழுந்த இடத்தில் அறும். தடித்த பைப்பில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவருக்குப் பக்கத்தில் வேண்டாம். உள்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும்.