மாமாவிடம் சொன்னால் பஞ்சாயத்து, வேறு யாரிடம் போவது?

பாளையங்கோட்டையில் 16 வருஷமாகக் கணவன் மனைவி சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள் நான், மனநல சமூகப் பணி படித்தவள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அக்கா, கல்யாணமாகி 3 வருஷம். எது பேசினாலும் சண்டை. பெரியவர்களை வைத்துப் பேசியும் ஆயிற்று. மனநல மருத்துவரா, உளவியலாளரா?

பதில்: தம்பி, பெரியவர்கள் கூடினால் அவளுக்குத் தாய்மாமா, உங்களுக்குச் சித்தப்பா என்று ஆளுக்கொரு கட்சி, நியாயம் யார் பக்கம் என்பதிலேயே பொழுது போய்விடும். ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பார். மருத்துவர் மாத்திரை எழுதலாம், உளவியலாளர் எழுத முடியாது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி, தீராத சந்தேகம் என்றால் முதலில் மருத்துவர். வெறும் சண்டை என்றால் நேராக உளவியலாளர்.

கேள்வி (வள்ளியூர்): படித்தவரா, சும்மா போர்டு மாட்டியவரா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் மூணு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு ‘கவுன்சிலர்’ என்று போர்டு மாட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஜாதகத்தைக் கொண்டுவரச் சொன்ன ஒருவர் உட்பட. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், அவர்கள் இணையதளத்திலேயே பெயரைத் தேடலாம். போனிலேயே கேளுங்கள்: என்ன படித்தீர்கள், பதிவு உண்டா, தம்பதிகளைப் பார்த்த பழக்கம் உண்டா, ஒரு தடவைக்கு எவ்வளவு. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம்தானே. கேட்டதற்குக் கோபப்படுகிறவர் வேண்டாம்.

கேள்வி (களக்காடு): “நான் என்ன பைத்தியமா” என்று அவர் வர மாட்டேன் என்கிறார் அக்கா.

பதில்: நீங்கள் மட்டும் போங்கம்மா. நீங்கள் பதில் பேசுகிற விதம் மாறினாலே வீட்டில் சத்தம் குறைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவர், அப்புறம் வாசலில் செல்போனை நோண்டிக்கொண்டு நின்றவர், நாலு மாசம் கழித்து “அப்படி என்னதான் பேசுவீங்க” என்று உள்ளே வந்தவர், எல்லாம் ஒரே ஆள்தான். “உங்களுக்குப் பார்க்கணும்” என்று கூப்பிடாதீர்கள், “எனக்குத் துணைக்கு வாங்க” என்று கூப்பிடுங்கள்.

கேள்வி (பாளை): இங்கே தடுக்கி விழுந்தால் சொந்தக்காரர். யாராவது பார்த்துவிட்டால்?

பதில்: உண்மைதான், என் பக்கத்து வீட்டுக்காரரே நான் ஆலோசனை சொல்லும் இடத்துக்கு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விஷயத்தை ரகசியமாகக் காக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரியான சில சூழ்நிலைகள்தான் விலக்கு. பெற்ற அம்மா வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. வீடியோவில் பேசலாம், ஆனால் அடுத்த அறையில் மாமியார் இருந்தால் வாய் வராது, மொட்டை மாடிக்குப் போங்கள். யாரிடம் ஆரம்பிப்பதென்றே தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழ் உண்டு, காசு கிடையாது.

கேள்வி (சேரன்மகாதேவி): கையில் பணமில்லை.

பதில்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய் சீட்டுப் போடுங்கள்.

கேள்வி (ஊர் வேண்டாம்): அடிக்கிறார். சேர்ந்து ஆலோசனைக்குப் போனால் சரியாகுமா?

பதில்: இப்போது சேர்ந்து போகாதீர்கள் தாயி. அங்கே அவர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு வீட்டில் அடி விழும், நான் பார்த்தது. தனியாகப் போய்ப் பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டிலேயே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, வீடு அவர் பெயரில் இருந்தாலும் சரி. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி (நாங்குநேரி): போன இடத்தில் “பொம்பளைதான் பொறுத்துப் போகணும்” என்றார்கள். 800 ரூபாய் அக்கா.

பதில்: ஆளை மாற்றுங்கள். அதை எங்க ஆச்சி சும்மாவே சொல்லுவாளே.