'வோக்கெட்'டா, 'வோக்ற்'றா?

கேள்வி (பரந்தனிலிருந்து ஒரு தாய்): தரம் 8 படிக்கும் மகள் walked, cooked என்பவற்றை 'வோக்கெட்', 'குக்கெட்' என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். ஆங்கில இறந்தகால வினைகளின் ஈ-டி (-ed) விகுதியை எங்கே எப்படி உச்சரிப்பது? மனப்பாடம்தான் வழியா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்து வினையின் கடைசி ஒலியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தை அல்ல, ஒலியை. அதிராவிட்டால் 'வெற்றி'யில் வரும் 'ற்': வோக்ற், ஹெல்ப்ற், வொஷ்ற். அதிர்ந்தால் 'நாடு'வில் வரும் மென்மையான 'ட்': கிளீன்ட், பிளேட். உயிரொலிகள் எல்லாம் அதிரும். வினையே 'ற்' அல்லது 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று ஓர் அசை கூடும்: ஸ்ராற், ஸ்ராற்றிட், நீட், நீடிட். கைதட்டிப் பார்த்தால் 'வோக்ற்' ஒரு தட்டு, 'ஸ்ராற்றிட்' இரண்டு.

தமிழில் 'ஸ்' என்று எழுதும் இடத்தில் ஒரு பொறி உண்டு. 'பாஸ்' அதிராது, ஆகவே பாஸ்ற். கதவை மூடும் 'குளோஸ்' தேனீபோல் இரையும், ஆகவே குளோஸ்ட்.

விதி தெரிந்தபிறகும் 'வோக்ற்று' என்று உகரம் ஒட்டும். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் வரும் பழக்கம் அது. உயிரில் தொடங்கும் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள்: 'வோக்ற் இன்' என்பதை 'வோக்-ற்றின்' என்று சேர்த்து. மெய்மேல் உயிர் ஏறினால் உகரத்துக்கு இடமில்லை. வயல்வேலையை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் மூன்று ஒலியும் வரும்: உழுதது பிளவ்ட், களை பிடுங்கியது வீடிட், சூடடித்தது திரெஷ்ற், மூட்டை கட்டியது பக்ற்.

'விக்கிட்' (wicked) போன்ற பெயரடைகள் இந்த விதிக்குள் வரா.

கேள்வி (புதுக்குடியிருப்பு மாணவர்): 'டிட் யூ குக்ற்?' என்று எழுதினேன், பிழை என்றார்கள். நடந்து முடிந்ததைத்தானே கேட்கிறேன்?

பதில்: இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே வாங்கிவிட்டது, வினை வெறும் 'குக்'. எதிர்மறையில் தமிழும் அப்படித்தான்: 'சமைச்சன்' என்போம், ஆனால் 'சமைக்கேல்லை' என்னும்போது வினையில் காலம் இல்லை. அதேபோல் 'டிட்ன்ற் குக்'. கேள்வியில்தான் தமிழ் காலை வாருகிறது. 'சமைச்சனீங்களோ' என்பதில் காலம் வினையிலேயே நிற்பதால் ஆங்கிலத்திலும் கை தானாக ஈ-டி போட்டுவிடும். ஆனால் 'யார் சமைச்சது?' என்று செய்தவரையே கேட்டால் 'டிட்' வராது: 'ஹூ குக்ற்?'