பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்: வீட்டில் செய்யும் எலெக்ட்ரிக் கிட்டார் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: நல்ல எலெக்ட்ரிக் கிட்டார்களின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எனக்கு மரவேலை ஓரளவு வரும். நானே செய்தால் பாதிச் செலவில் முடியுமா?

முடியாது. முதல் கிட்டாருக்கு நிச்சயமாக முடியாது. மரம், பிக்கப் (கம்பியின் அசைவை மின்குறியாக்கும் பாகம்), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு) என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். உப்புத்தாளைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். ரௌட்டர் பிட், கிளாம்ப், தின்னர், முகமூடி, நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு பட்டை) பள்ளம் போடும் மெல்லிய அரம், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் இரும்பு நேர்பட்டை என ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாக வந்து கடைசியில் மரத்தின் விலையைத் தாண்டிவிடும். அதோடு, தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் வாங்கும் பாகத்தை நீங்கள் ஒன்றே ஒன்று வாங்குகிறீர்கள். மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், யாரோ வாசித்துவிட்டு விற்கும் பழைய கிட்டாரை வாங்கிச் சீர்செய்வது மலிவு.

செய்து பார்க்கும் ஆசைதான் காரணம் என்றால் தாராளமாக இறங்குங்கள். எதைச் செய்வது, எதை வாங்குவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். பாடியை, அதாவது உடல்பகுதியைச் செய்யலாம், அதில் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை வாங்கிவிடுங்கள். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள நெக்கில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறி அறுத்துவிட்டால், எந்த ட்யூனரைத் திருகியும் அந்த ஸ்வரத்தைச் சரிக்கட்ட முடியாது. உள்ளே ட்ரஸ் ராட் (நெக் வளையாமல் பிடிக்கும் உலோகக் கம்பி) புதைக்கும் வேலை வேறு இருக்கிறது.

குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் அவருடைய அப்பாவும் 1963-ல் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் உழைத்து ஒரு கிட்டார் செய்தார்கள். பழைய கணப்பின் மேல்பலகையிலிருந்து நெக், மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கில் ட்ரெமோலோ (கம்பிகளின் இழுவிசையை மாற்றும் அமைப்பு) என்று எல்லாமே கைவேலை. பிக்கப்பையும் பிரையனே சுருள் சுற்றிச் செய்து பார்த்தார். கம்பியை வளைத்து இழுக்கும்போது ஒலி சரியாக வரவில்லை. கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சோனிக் பிக்கப் மூன்றை வாங்கித்தான் பொருத்தினார். அவரே வாங்கியதை நீங்களும் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வெட்டித் துளையிட்டுத் தயாராக வரும் கிட் ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் உட்கார்ந்து பெயிண்ட் அடித்து முடித்த பிறகு மாட்டிப் பார்த்தால், தடித்த கம்பி ஃப்ரெட் பலகையின் ஓரத்தைத் தாண்டி விழுகிறது. விற்றவர் "பெயிண்ட் அடித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். இது நியாயமா?

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் அவர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கிட் என்பது பாதி முடிந்த பொருள். உப்புத்தாள் பட்டதுமே அது வந்த நிலையில் இல்லை என்று அவர் வாதாடலாம். வரும்போதே துளை கோணலாக இருந்தது என்பதற்குப் படம் ஏதாவது இருந்தால் எழுத்து மூலம் அனுப்பி நெக்கையாவது மாற்றித் தரும்படி கேளுங்கள். பெயிண்ட் ஏறியது பாடியில்தானே!

அதற்கு முன் ஒரு விஷயம். நெக் பாடியில் உட்காரும் குழியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, கம்பி இழுவிசையில் இருக்கும்போதே நெக்கின் தலைப்பகுதியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பிடித்து மறுபடி முடுக்குங்கள். கம்பி ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தாலே பிரச்சினை தீர்ந்தது. வராவிட்டால், நெக்கில் உள்ள துளைகளைக் கடின மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, ஒருநாள் காயவிட்டு, புதிதாகத் துளையிட வேண்டும். காயும் நேரம் போக அரைநாள் வேலை. பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இனி வாங்குபவர்களுக்கு: பார்சலைப் பிரித்த அன்றே, ஒரு சொட்டு பெயிண்ட் படுவதற்கு முன், நெக்கையும் பிரிட்ஜையும் பூட்டுங்கள். கம்பி வேண்டாம், தையல் நூல் போதும். நட்டின் முதல் பள்ளத்திலிருந்து பிரிட்ஜின் முதல் சேடில் (கம்பி மேலே உட்காரும் சிறு துண்டு) வரை ஒரு நூல், கடைசிப் பள்ளத்திலிருந்து கடைசி சேடில் வரை இன்னொன்று. இரண்டையும் விறைப்பாகக் கட்டி மேலிருந்து பாருங்கள். நூலுக்கும் பலகையின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அப்புறம் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மெல்லிய கம்பியின் சேடிலை ஏறக்குறைய முன்கோடி வரை தள்ளினால் அந்த நீளம் கிடைக்க வேண்டும். மற்றக் கம்பிகளுக்கு, முக்கியமாகத் தடித்தவற்றுக்கு, அதற்குப் பின்னால் சில மில்லிமீட்டர் போக இடம் தேவை. இல்லையென்றால் கிட்டை அப்படியே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். படம் எடுத்து வைக்கவும் மறக்காதீர்கள்.

கிட்டோடு வரும் குட்டி ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மென்மையான இரும்பு. ட்யூனருக்கானவை முறுக்கும்போதே தலை துண்டாகிக் கையோடு வரும். முதலில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவைக் காய்ந்த சோப்புக் கட்டியில் ஒரு தேய் தேய்த்து ஏற்றினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேள்வி: "டோன்வுட்", அதாவது ஒலிக்கு ஏற்ற மரம் என்று சொல்லி ஒரு மரத்துண்டுக்கு இரட்டை விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அழகான ரேகைக்காகக் கொடுக்கலாம், ஒலிக்காக வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் கேட்பது இரும்புக் கம்பியின் அசைவை. மரத்தின் பங்கு மிகச் சிறியது. அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் 4 அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில்தான் தன் சோதனை கிட்டாரைச் செய்தார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மரம் காய்ந்ததா என்பது. ஈரப்பத மீட்டரில் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பச்சை மரம் எவ்வளவு ராஜ மரமாக இருந்தாலும் முறுக்கிக்கொள்ளும், அப்போது நெக் குழி இறுகும் அல்லது இளகும்.

கேள்வி: நைட்ரோ லேக்கரா, பாலியூரித்தேனா, எண்ணெயா? ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்.

ஒவ்வொரு கடைக்காரரும் தன்னிடம் இருப்பதைச் சொல்கிறார்!

முதல் கிட்டாருக்கு என் ஓட்டு துணியில் தொட்டுத் தேய்க்கும் எண்ணெய் ஃபினிஷுக்கு. நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒருநாள் உலரல், அவ்வளவுதான். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறுபடி பூசலாம். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். "டங் ஆயில் ஃபினிஷ்" என்று முன்னால் போட்டிருக்கும் பலவற்றில் உள்ளே இருப்பது தின்னர் கலந்த வார்னிஷ்தான். அது மோசம் என்றில்லை, சொல்லப்போனால் சீக்கிரம் காயும். ஆனால் சுத்தமான டங் எண்ணெயின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது உள்ளே சூடு ஏறித் தானே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு உலரவிட்டு அப்புறம் எறியுங்கள்.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கருக்கு "மரம் சுவாசிக்கும்" என்று ஒரு பெருமை உண்டு. சுவாசிப்பதெல்லாம் நாம்தான், அதுவும் தின்னர் வாடையை. உண்மையான வசதி வேறு: புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும், அதனால் ஒட்டுப் போடுவது எளிது. பொறுமைதான் அதன் விலை. எட்டு, பத்து மெல்லிய பூச்சு அடித்துவிட்டு மூன்று நான்கு வாரம் தொடாமல் தொங்கவிட வேண்டும். மூக்கைப் பாடியில் வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. அதன் பிறகுதான் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 நம்பர் தாள்களும் பாலிஷும். விளிம்பில் தாளை அழுத்தினீர்களோ, நிறம் கிழிந்து வெறும் மரம் எட்டிப் பார்க்கும்.

என் இரண்டாவது கிட்டாரை ஒரு மழை நாளில் அடித்தேன். பத்தே நிமிடத்தில் கறுப்பு பாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. காற்றிலிருந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டது. மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னர் கலந்து மெல்லிய பூச்சு ஒன்று அடித்ததும் தெளிந்தது. அதை அவ்வளவு பாடுபட்டுப் பளபளப்பாக்கி ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்து வைத்தேன். ஒரு மாதத்தில் ரப்பர் லேக்கரை இளக்கி இரண்டு தழும்பு வைத்துவிட்டது. நைட்ரோ அடித்தால் ஸ்டாண்டுக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள்.

கெட்டிப்படுத்தும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன்தான் மூன்றிலும் உறுதி. ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். தூசிக்குப் போடும் முகமூடி அதற்குச் சுத்தமாகப் போதாது. அதுதான் வேண்டும் என்றால் கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் நெக் குழியை டேப் ஒட்டி மறையுங்கள். குழிக்குள் பெயிண்ட் தடித்தால் நெக் இறங்காது, அழுத்தி இறக்கினால் ஓரத்தில் விரிசல் விடும்.

கேள்வி: எல்லாம் மாட்டி ஆம்ப்பில் போட்டால் ஒரே இரைச்சல். கிட்டோடு வந்த பிக்கப் மட்டம், விலை உயர்ந்தது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கட்டுமா?

பொறுங்கள். கம்பியைக் கையால் தொடுங்கள். இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் வயரிங் சரிதான்; ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பான முனகல் அது. கம்பியைத் தொட்டால் மாற்றம் இல்லை, ஜாக்கின் (ஆம்ப் வயரைச் செருகும் இடம்) உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்திருப்பீர்கள். மூன்றுக்கும் புதிய பிக்கப் தேவையில்லை. குழிகளுக்குள் தாமிரத் தகட்டு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் அடங்கும்.

அதற்கு மேலும் முனகல் தாங்கவில்லை என்றால் ஹம்பக்கர் வாங்கலாம். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்கள் இரைச்சலை ஒன்றையொன்று கழித்துவிடும். கிப்சனில் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே உத்திதான். அதை வாங்கும்போது வால்யூம் கன்ட்ரோலையும் பாருங்கள். வழக்கமாக ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. பழைய 250-லேயே விட்டால் ஒலி மங்கலாக வரும், பழியை பிக்கப் மேல் போடுவீர்கள்.

கேள்வி: செய்து முடித்ததை விற்கலாம் என்றிருக்கிறேன். தலைப்பகுதியில் பிரபல நிறுவனத்தின் பெயர் ஸ்டிக்கர் ஒட்டினால் விலை கூடும் என்கிறான் நண்பன். தப்பா?

தப்புதான். நீங்கள் உண்மையைச் சொல்லி விற்றாலும், வாங்கியவர் அடுத்தவருக்கு விற்கும்போது அது போலிப் பொருள் ஆகிவிடுகிறது. பெயர் மட்டுமல்ல, சில நிறுவனங்கள் தலைப்பகுதியின் வடிவத்துக்கே வணிகக் குறி உரிமை வைத்திருக்கின்றன. பெயர் தெரியாத கிட்டாருக்குப் போட்ட காசு திரும்பாது என்பது நிஜம். நல்ல பிக்கப் போட்டிருந்தால் அதைக் கழற்றித் தனியாக விற்பது லாபம். ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் பெயரை ஒட்டி அதன் மேல் மெல்லிய பூச்சாக லேக்கர் அடியுங்கள். முதல் பூச்சே கனமாக விழுந்தால் மை கரைந்துவிடும்.