ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கூப்பிடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகா, வாளையார், மீனாட்சிபுரம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே கவலைதான் பல உருவத்தில் இருக்கிறது: மனநிலை தடுமாறியவருக்கோ, தெருவில் கிடப்பவருக்கோ போலீசைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியே இல்லையா? வழி இருக்கிறது. போதுமான அளவு இல்லை என்பதும் உண்மை.

என் தம்பி நாலு நாளாகத் தூங்கவில்லை. அப்பா சோற்றில் விஷம் வைக்கிறார் என்று கத்துகிறான். போன தடவை ஸ்டேஷனுக்குப் போன் செய்தோம். கையைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அதிலிருந்து அவன் எங்களை நம்புவதே இல்லை. இப்போது என்ன செய்வது?

கையில் ஆயுதம் இல்லை, யாரையும் அடிக்கவில்லை என்றால் இது ஆஸ்பத்திரி சமாசாரம், ஸ்டேஷன் சமாசாரம் இல்லை. 108-ஐ அழையுங்கள். "தகராறு" என்று சொல்லாதீர்கள். "மனநல அவசரம், நாலு நாளாகத் தூக்கமில்லை, பயந்திருக்கிறார், ஆயுதம் எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் பேசுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுவதும் இரவு பகலாக நடக்கும் இலவச சேவை. தமிழிலேயே பேசலாம்.

அதற்குள் வீட்டில் செய்ய வேண்டியதுதான் முக்கியம். அக்கம்பக்கத்தாரை வாசலிலிருந்து அனுப்பிவிடுங்கள். டிவியை நிறுத்துங்கள். அப்பா கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் இருக்கட்டும். ஒரே ஒருவர் மட்டும், தம்பிக்குப் பிடித்த ஆள், தாழ்ந்த குரலில் பேசட்டும். கதவை மறித்துக்கொண்டு நிற்க வேண்டாம். விஷம் இருக்கிறதா இல்லையா என்று வாதாடவே வேண்டாம். "நாலு நாளாத் தூக்கமே இல்லையே கண்ணு, உடம்பு எப்படித் தாங்கும்? தூக்கத்துக்கு மருந்து கேட்டு வாங்கலாம் வா" என்றால் பலர் இறங்கி வருவார்கள். தூக்கமில்லாத அவஸ்தை அவருக்கும் தெரியும். கோயிலுக்குப் போகலாம் என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றாதீர்கள், அடுத்த முறை வரமாட்டார்.

கத்தி, அரிவாள் கையில் இருந்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸும் சேர்ந்து வர வேண்டும் என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது: மனநோய் காரணமாகப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தவரைக் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது.

அப்புறம், தம்பி தெளிந்து இருக்கும் நாளில் ஒரு வேலை செய்யுங்கள். நோய் முற்றும்போது தனக்காகப் பேச யார் வேண்டும் என்று அவரையே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சட்டப்படி அது செல்லும். ஜனமைத்திரி போலீஸ், அதாவது ஊராரோடு பழகவென்றே வரும் கேரளப் போலீஸ், வீடு தேடி வரும்போது விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரிந்த வீட்டுக்கு வரும் போலீஸ்காரர் நிதானமாக வருவார்.

வேலந்தாவளம் மார்க்கெட்டில் சில வாரமாக ஒருவர் திரிகிறார். காலில் புண், பேசுவது இந்தி மாதிரி இருக்கிறது. லாரியில் ஏற்றி அந்தப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார்கள் வியாபாரிகள்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அவரும் யாரோ தேடிக்கொண்டிருக்கும் மகன்தான். ஒவ்வொரு முறை லாரி ஏற்றும்போதும் வீட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.

முதலில் சாப்பாடு, தண்ணீர். கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்களில் ஒருவரை அழைத்துவந்து பேசச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரோ அண்ணன் பெயரோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வார்டு மெம்பரையும் ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். இங்கே போலீஸ் தேவைதான், விரட்டுவதற்காக அல்ல. வீடில்லாமல் திரியும் மனநோயாளி விஷயத்தில் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவது நிலைய அதிகாரியின் கடமை. ரேஷன் கார்டு இல்லை என்று ஆஸ்பத்திரியில் தயங்கினால், வீடற்றவருக்கு அட்டை இல்லாமலே அரசு மனநல சிகிச்சை இலவசம் என்று அதே சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். கால் புண்ணை அன்றே காட்டுங்கள், அது காத்திருக்காது.

அமெரிக்காவில் போலீசே இல்லாமல் ஒரு குழு வருமாமே? நம் ஊரில் வராதா?

ஒரேகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989-இல் கஹூட்ஸ் என்ற குழு தொடங்கியது. ஒரு வேனில் மருத்துவ உதவியாளர் ஒருவர், நெருக்கடி ஆலோசகர் ஒருவர், ஆயுதம் கிடையாது. டென்வரில் 2020-இல் ஸ்டார் என்ற குழு வந்தது. ஸ்டாக்ஹோமில் 2015 முதல் மனநலச் செவிலியர் வரும் ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் முன்னோடியான யூஜீன் சேவையே பணநெருக்கடியில் 2025 ஏப்ரலில் அந்த நகரில் நின்றுபோனது. நல்ல திட்டமாக இருந்தால் போதாது, வருஷா வருஷம் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

நம் பக்கம் நான் பார்ப்பது வேறு. கேரளத்தில் பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயாளிகளின் வலி தணிக்கும் நர்ஸ், ஜீப்பில் ஏறி, படுத்த படுக்கையாய் இருப்பவரின் வீட்டுக்கே போகிறார். பஞ்சாயத்து செலவு செய்கிறது, அயல்வாசிகள் கூட நிற்கிறார்கள். இதே ஏற்பாட்டில் தாலுகாவுக்கு ஒரு வண்டி, ஒரு மனநலச் செவிலியர், இரவில் எடுக்கும் ஒரு போன் சேர்த்தால் போதும், கொழிஞ்சாம்பாறையிலும் போலீஸ் இல்லாத குழு வரும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாளில் பகலில் வந்து போகிறார். நோய் ராத்திரியில்தான் முற்றுகிறது. கிராம சபையில் இதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

மகள் மாத்திரையை அள்ளி விழுங்கிவிட்டாள், பிழைத்துக்கொண்டாள். கேஸ் வருமா?

தண்டனைக்குப் பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே மனநலச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 ஜூலையில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சம்ஹிதையில், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன பழைய 309-ஆவது பிரிவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், விசாரிக்க வரலாம், அவ்வளவுதான். இந்தப் பயத்தில் எதை விழுங்கினாள் என்பதை டாக்டரிடம் மறைப்பதுதான் ஆபத்து. வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மகளைத் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். 14416 இருக்கிறது, கேரள அரசின் திசா உதவி எண் 1056-உம் இருக்கிறது.

கடைத் திண்ணையில் ஒரு பாட்டி படுக்கிறார். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

போலீசிடம் வேண்டாம், வீடில்லாதது குற்றமில்லை. நகராட்சியின் குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டம்) அலுவலகத்தில் வீடற்றோர் தங்குமிடம் பற்றிக் கேளுங்கள். பாட்டியிடம் கேட்காமல் எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள்.

மீனாட்சிபுரத்தில் 108 அழைத்தால் சில சமயம் தமிழ்நாட்டுக்காரர்கள் எடுக்கிறார்கள். பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகலாமா?

போன் எந்தப் பக்க டவரைப் பிடிக்கிறதோ அங்கேதான் போகும். எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடமோ பெட்ரோல் பங்கோ சொல்லுங்கள். அவசரத்தில் எது பக்கமோ அங்கே போங்கள். மனநலச் சட்டம் மத்திய சட்டம், இரண்டு பக்கமும் ஒன்றுதான். அவசர சிகிச்சையைப் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை கொடுக்கலாம். பழைய மருந்துச் சீட்டு எந்த ஆஸ்பத்திரியுடையதாக இருந்தாலும் மருந்துப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைப் படம் எடுத்து வீட்டில் ரெண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.